ஒரு கைக்கு இரண்டு பிரேக்

சைக்கிள் பூட்டுகிறவனிடம் ஆரும் சைக்கிளை மட்டும் கொண்டுவருவதில்லை. தாங்கள் போகவேண்டிய இடத்தையும் சேர்த்துக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். ஸ்பனர் பிடித்துப் பிழைக்கிற உங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. வெளிநாட்டில் இருந்து திரும்பிவந்து புதுக்குடியிருப்பில் கடை போட்ட எனக்குத்தான் கொஞ்சம் பிந்தி விளங்கியது.

பெட்டியோடு வந்தவா

மலர்விழி பெட்டி பிரிக்காத புதுச் சைக்கிளைத் தமையனின் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தா. அவாவுக்கு வலது கை முழங்கையோடு சரி. குளக்கட்டுக்கு அங்கால் ஒரு முன்பள்ளியில் ரீச்சர் வேலை கிடைத்திருந்தது. ஏற்றி இறக்கிய தமையன் வெளிநாடு போகப்போகிறான். அந்தப் பாதையில் பஸ்ஸும் இல்லை. தானாகச் சைக்கிள் ஓடினால்தான் வேலை.

முன் சில்லைத் தாங்கிற கவையை, எங்கள் பேச்சில் 'போக்'கை, பூட்டும்போது, ஹாண்டில் ஆடவும் கூடாது, இறுகவும் கூடாது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கையால் ஓடுகிறவாவுக்கு அந்த இடம்தான் உயிர். பெட்டிக்குள் கிடந்த ஆங்கிலக் கடதாசியையும் வாசித்தேன். இரண்டு கை உள்ளவர்களுக்குத்தான் எழுதியிருந்தார்கள். பக்கத்துத் தேத்தண்ணிக் கடைத் தம்பிராசா அண்ணை எட்டிப்பார்த்தார்.

"ரெண்டு பாசை படிச்சு என்ன, ஒரு நட்டு இறுக்க உமக்கு ஒரு பகல் வேணும். பிள்ளை, நீ நடந்தே போயிருக்கலாம்."

ஒரு பிடி, இரண்டு வயர்

வலது பக்கப் பிரேக் பிடியைக் கழற்றினேன். இடது பிடியில் இன்னொரு துளை போட்டு, இரண்டு சில்லுக்கும் போகிற வயர்களை அதிலேயே கொழுவினேன். பின் பிரேக் முதலில் பிடிக்கவேண்டும். முன்னது முந்தினால் ஆள் ஹாண்டிலுக்கு மேலால் போவார். முதல்தரம் முன்னதுதான் முந்தியது. ஓடிப்பார்த்தது நான் என்றபடியால் முழங்கால் உரசலும் எனக்குத்தான். பிறகு முன் வயரைத் தளர்த்தினேன்.

குளக்கட்டுச் சரிவில் மலர்விழி இறங்கினா. விழுந்தால் பிடிக்கவென்று நானும் தமையனும் கீழே நின்றோம். பிடிக்க நின்ற இரண்டு பேருமே கண்ணை மூடிக்கொண்டோம். எங்களுக்குக் கிட்டவாக வந்து நின்று சொன்னா:

"சைக்கிள் நிண்டிட்டுது அண்ணை. நெஞ்சுதான் இன்னும் ஓடுது."

கழற்றல்

தமையன் போய் ஒரு மாதம் இராது. மலர்விழி சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தா. போக்தான் ஆடுகிறதாக்கும் என்று குனிந்து ஹாண்டிலைப் பிடித்து அசைத்தேன். ஒன்றும் ஆடவில்லை.

"தங்கச்சி ரியூசனுக்குக் கொண்டுபோகப் போறாள். பிரேக்கை எல்லாரையும் போல ரெண்டு பக்கமும் போட்டுவிடுங்கோ."

"அப்ப பள்ளிக்கூடம்?"

நான் வயரைக் கழற்றுவதையே பார்த்துக்கொண்டு நின்றா. மற்ற வயரும் கழன்ற பிறகு சொன்னா:

"சைக்கிளில ஒரு பிழையும் இல்லை அண்ணை. பிள்ளையளும் பயப்பிடேல்லை. தாய்மார்தான் என்ர கையைக் கண்டு பயந்திட்டினம். இனி வேலை இல்லையாம்."

பிழையான பிரேக்கைத் திருத்தத்தான் எங்களுக்குப் பழக்கம். சரியான ஒன்றைக் கழற்றும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எந்தக் கடையிலும் பழக்குவதில்லை.