பதினேழாம் இலக்கக் கதிரை

பிள்ளைகளே, நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூன்று கதிரைகள்தான் இருக்கின்றன. நாலாவது எங்கே என்று சின்ன வயதில் நீங்கள் கேட்டபோது, கறையான் அரித்துவிட்டது என்று சொன்னேன். அது பொய். உங்கள் அம்மாவுக்கு உண்மை தெரியும். அவள் இதுவரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொண்டு வாசியுங்கள்.

அப்போது எனக்குக் கண்டியில் ஒரு இரும்புச் சாமான் கடையில் வேலை. ஹேவாஹெட்டப் பாதையில் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். மூத்தவள் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னைப் பெற்றோர் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள். தலைமை ஆசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர். ஓய்வு பெற ஒரு வருடத்துக்கும் குறைவாகத்தான் இருந்தது. அடுத்த வருடத்துக்கு வேண்டிய மேசை, பிள்ளைகள் வரிசையாக இருக்கும் வாங்கு, கதிரைகளுக்கு மதிப்பீடு அனுப்ப வேண்டிய நாளில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"தம்பி, உம்மட எழுத்து வடிவு. நான் சொல்றன், நீர் எழுதும்."

"எத்தன வேணும்னு எழுதட்டுங்க சேர்?"

"எத்தினை வேணும் எண்டு அவங்கள் கேக்க மாட்டாங்கள். உடைஞ்சது எத்தினை கிடக்கு எண்டுதான் கேப்பாங்கள். ஆள் செத்தது எண்டு சொன்னாக் காணாது. பிரேதத்தைக் காட்டோணும்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பகிடி போல இருந்தாலும் அதுதான் சட்டம். அரசாங்கத்துத் தளபாடம் ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளைப் பெயின்றில் ஓர் இலக்கம் இருக்கும். உடைந்தால் எறியக் கூடாது, எரிக்கக் கூடாது. கல்விக் கந்தோரிலிருந்து கணக்கெடுக்க வருகிற அதிகாரி இலக்கத்தைப் பார்த்துப் பதிவேட்டில் கழித்துவிட வேண்டும். கழித்த அளவுக்குத்தான் புதியது வரும். பள்ளிக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் கிடந்தவற்றை நானும் அவரும் புரட்டிப் புரட்டிப் பார்த்து எழுதினோம். பதினான்கு வாங்கு, ஆறு மேசை, இரண்டு கதிரை. கடைசியாக எழுதியது மூன்றாம் வகுப்பு ஆசிரியரின் கதிரை, இலக்கம் பதினேழு. அதற்குப் பின்கால் ஒன்று இல்லை.

அந்த ஆடி மாதம் தமிழருக்கு எதிராகக் கலவரம் வந்தது. கண்டியில் நான் வேலை செய்த கடையை எரித்தார்கள். உங்களையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். எங்களைப் போல அறுபது பேருக்கு மேல் அங்கே வந்துவிட்டார்கள். கந்தோர் அலுவலாக டவுனுக்குப் போன தலைமை ஆசிரியர் திரும்பவில்லை. உயிரோடு இருக்கிறாரா என்றும் தெரியாது. மழை விடாமல் பெய்தது. இரண்டாம் நாள் காலை, தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு மூன்றாம் வகுப்பு அறையில் வலி கண்டது. சுடுதண்ணீர் வைக்கக் காய்ந்த விறகு ஒன்றும் இல்லை. அவளுடைய புருஷன் ஒரு நல்ல மேசையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தான்.

"அண்ணே, இத ஒடைக்கட்டுமா?"

"ஐயையோ, கவர்மெண்டு சாமான்! கைய வைக்காத. பின்னால கொட்டில்ல ஒடைஞ்சது கெடக்கு, அத எடுத்துக்கலாம் வா."

என் வாயால்தான் சொன்னேன். பட்டியல் எழுதிய அதே கையால்தான் கோடாரியும் பிடித்தேன். நல்லதைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. நெருப்பில் பதினேழு என்ற வெள்ளை இலக்கம் கொப்பளித்துக் கறுத்ததைக் கண்ணால் பார்த்தேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பெண் குழந்தை பிறந்தது. நாலு நாளும் அந்த விறகில்தான் அறுபது பேருக்கும் கஞ்சி கொதித்தது. நீங்களும் குடித்தீர்கள்.

ஐந்தாம் நாள் தலைமை ஆசிரியர் வந்தார். மூக்குக்கண்ணாடி இல்லை, சட்டையில் ஒரு கை கிழிந்திருந்தது. வகுப்பு வகுப்பாகத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒண்டும் உடையேல்லையே! கெட்டிக்காரர்" என்று என் தோளைத் தட்டினார். பள்ளிக்குச் சேதம் இல்லை என்று அன்றைக்கே கந்தோருக்கு எழுதி அனுப்பினார். பிறகுதான் பின்பக்கம் போனார். திரும்பி வந்து படியில் உட்கார்ந்தார்.

"தம்பி, பிரேதங்கள் எங்கை?"

"எரிச்சுட்டேன் சேர்."

கிழிந்த சட்டைக் கையை மடித்துவிட்டார். பிறகு மெதுவாக, "இலக்கம் எழுதின துண்டையாவது வெட்டி வச்சிருக்கலாம்" என்றார்.

இரண்டு மாதம் கழித்துக் கணக்கெடுக்க ஒரு சிங்கள மஹத்தயா வந்தார். தமிழ் கொஞ்சம் பேசுவார். காலிக் கொட்டிலைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார்.

"மாஸ்டர், எரிச்சது எண்டா பொலிஸ் என்ட்ரி இருக்கா?"

"அந்தக் கிழமை எந்தத் தமிழன் ஐயா பொலிசுக்குப் போறது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு விளங்குது மாஸ்டர். ஆனா சேதம் இல்லை எண்டு நீங்கதானே எழுதினது? என்ட வேலையையும் மேலே ஒருத்தர் பாக்கும். யார் எரிச்சது?"

நான் கதவோரம் நின்றேன். ஓர் அடிகூட முன்னால் வைக்கவில்லை.

"நான்தான் எரிக்கச் சொன்னது" என்றார் தலைமை ஆசிரியர்.

மஹத்தயா போன பிறகு நான் அழுதேன். "விடும்" என்றார். "நீர் வேலையில்லாமல் நிக்கிறீர். மூண்டு பிள்ளையள். எனக்கு இன்னும் நாலு மாசம்தான்."

"உங்க பென்ஷன் என்னாகும் சேர்?"

"வந்தா வரட்டும். வராட்டில் பாப்பம்."

அடுத்த வருடம் அந்தப் பள்ளிக்கு ஒரு வாங்குகூட வரவில்லை. மூத்தவள் மூன்றாம் வகுப்பு முழுவதும் சாக்கை விரித்துத் தரையில் இருந்துதான் படித்தாள். மலைப்பக்கத்துச் சீமெந்துத் தரை எவ்வளவு குளிரும் என்று அவளைக் கேளுங்கள். அவளுடைய இருமல் அப்போது பிடித்ததுதான். தலைமை ஆசிரியரின் ஓய்வூதியத்தை, விசாரணை முடியட்டும் என்று நிறுத்தி வைத்தார்கள். அவர் ஊருக்குப் போனார். போய் இரண்டு கடிதம் எழுதினார். இரண்டிலும் "இன்னும் வரேல்லை" என்று ஒரு வரி இருந்தது. என்னைக் குறை சொல்லி ஒரு வரிகூட இல்லை. பிறகு சண்டை பெருத்துப் பாதை அடைபட்டது. பணம் வந்ததா, அவர் உயிரோடு இருந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எரித்தது நான்தான் என்று கந்தோரில் போய்ச் சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் வாசல்படியில் நின்றுவிட்டு, குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு நடந்து வந்து பஸ் ஏறிவிட்டேன். பயம் என்று உங்கள் அம்மாவிடம் சொன்னேன். பயம் மட்டும் இல்லை. அவர் பழியை ஏற்றுக்கொண்டது எனக்கு வசதியாகவும் இருந்தது. இதை எழுதத்தான் இத்தனை வருடம் பிடித்தது.

இரண்டாவது கடிதம் வந்த ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்தீர்கள். நாலாவது கதிரையைத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கு நடந்தேன். மூன்றாம் வகுப்பு அறையில் யாரும் இல்லை. சாக்குகள் மூலையில் சுருட்டிக் கிடந்தன. கதிரையைக் கவிழ்த்து வைத்து, கொண்டுபோன வெள்ளைப் பெயின்றில் அதன் அடியில் பதினேழு என்று எழுதினேன். மழைக்குளிரில் அது சீக்கிரம் காயவில்லை. முழங்காலில் இருந்து ஊதிக்கொண்டே இருந்தேன்.