கொரிய ஜெல்லும் நலங்கு மஞ்சளும்

பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே என் முகத்தை யாரையும் தொடவிட்டதில்லை. காரணம் பரு. ஒன்று அடங்கினால் இரண்டு கிளம்பும். பருவைவிடப் பெரிய தொல்லை அதற்கு வைத்தியம் சொல்கிறவர்கள். கோயிலில், பஸ் நிற்குமிடத்தில், முன்பின் தெரியாத அக்காக்கள்கூட "என்னாம்மா மொகத்துல?" என்று ஆரம்பிப்பார்கள். என்னவென்று தெரியவில்லையா, கண் அவிந்தா போச்சு என்று வாய்வரைக்கும் வரும்.

அம்மாவின் வைத்தியம் பயத்தமாவும் மஞ்சளும். அழுக்குப் போனால் பருவும் போய்விடும் என்பது அவள் முடிவு. அதனால் தேய் தேய் என்று தேய்ப்பாள். ஒருநாள் கன்னத்தில் ரத்தம் வந்துவிட்டது. "இனிமே என் மொகத்துல கைய வச்சீங்க, பாருங்க!" என்று கத்திவிட்டு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். அதற்குப் பிறகு அம்மா என் முகத்தைத் தொட்டதே இல்லை. காய்ச்சல் என்றால்கூட கழுத்தைத்தான் தொட்டுப் பார்ப்பாள்.

என் முகத்துக்கு நல்ல காலம் பிறந்தது சென்ற வருடம்தான். ஈப்போவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். வருகிறவர்களுக்குக் கண்ணாடியை மாட்டி, முகத்துக்கு முகம் நின்று சரிபார்க்க வேண்டும். அவர்கள் கண்ணாடியைப் பார்க்கிறார்களா, என் கன்னத்தைப் பார்க்கிறார்களா என்று ஒவ்வொரு முறையும் கூசிப்போவேன். சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசியில் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளி, கடைசியில் கொரியாவிலிருந்து வரும் மென்மையான டோனர் ஒன்றும், இறந்த தோலை நீக்கும் ஜெல் ஒன்றும் வாங்கினேன். எதையும் நம்பாத ஆள் நான். முதலில் காதுக்குப் பின்னால் தடவிக் காத்திருந்தேன். பிறகு தாடையோரம். எரியவில்லை. ஜெல் வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் விரல் நுனியால் பட்டும் படாமலும் கொஞ்ச நேரம். பிறகு ஈரப்பதத்துக்கு ஒரு கிரீம். அவ்வளவுதான். மெல்ல மெல்லச் சிவப்பு இறங்கியது. வடு சில நின்றுவிட்டன, நிற்கட்டும். ஒரு காலையில் முகம் கழுவும்போது கன்னத்தில் கை எங்கும் தடுக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. அங்கேயே நின்று அழுதுவிட்டேன்.

அந்தக் கன்னத்தோடு மணவறையில் உட்கார வேண்டும். கல்யாணம் நிச்சயமானபோது எனக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். பயம் நலங்கை நினைத்து. சொந்தக்காரப் பெண்கள் அத்தனை பேரும் வரிசையாக வந்து மஞ்சளைப் பூசுவார்களே.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம், சிலிபின் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டின் பின்கட்டுத் தொட்டியருகே நின்று ஜெல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை வெள்ளையாகத் துகள் உருண்டு விழுந்தது. துணி காயப்போட வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

"அய்யோ, ஒட்டுப்பால் மாதிரியே வருதுடி!"

அம்மா கல்யாணத்துக்கு முன்னால் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள். கையில் பட்டுக் காய்ந்த பாலைத் தேய்த்தால் இப்படித்தான் உருண்டு வருமாம். கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"நான் போட்டு வுடவா?"

எத்தனை வருடம் கழித்துக் கேட்கிறாள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வேன்? கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் கொடுத்தேன்.

முதலில் இதமாகத்தான் இருந்தது. பிறகு அம்மாவுக்கு வேகம் வந்துவிட்டது. "வருதுடி, இன்னும் வருதுடி!" வரும் வரைக்கும் விடுவதாக இல்லை. மேலும் மேலும் ஜெல்லைப் பிதுக்கினாள். "பெலான் பெலான்மா, மெதுவாம்மா, போதும்மா" என்றது அவள் காதில் ஏறவே இல்லை. முகத்தைக் கழுவிக் கண்ணாடியில் பார்த்தால் தக்காளிப் பழம். தீயாய் எரிந்தது.

"அது அழுக்கு இல்லம்மா! அந்த ஜெல்லே அப்படித்தான் உருளும்! விடிய விடியத் தேய்ச்சாலும் வந்துகிட்டேதான் இருக்கும்!"

"பால் காஞ்சா முழுசா எடுத்துடணும்டி, கொஞ்சம் வுட்டாலும் கறுத்து ஒட்டிக்கும். அந்த நெனப்புல..." என்றாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். எரிச்சலைவிட அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறும் கிரீமோடு இருந்தேன். அம்மா கிட்டே வரவே இல்லை. ஆனால் வேலை முடிந்து வந்தால் ஃபிரிட்ஜில் ஈரத்துண்டு ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கும். எடுத்துக்கொள் என்று சொல்லவும் மாட்டாள். சிவப்பு இறங்கியது.

நலங்கன்று மாலை அம்மா மஞ்சள் கிண்ணத்தை யாரிடமும் கொடுக்கவில்லை. தானே பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். வந்தவர்களிடமெல்லாம், "மொகம் வேணாம். கையி, காலு போதும்" என்றாள். அப்பாவின் அக்கா, என் பெரிய அத்தை, விரலில் எடுத்த மஞ்சளோடு நிமிர்ந்தார்.

"மஞ்ச படாத மொகத்தோடயா பொண்ணு மணவறைக்குப் போவா? இது என்னா புதுப் பழக்கம்லா?"

இந்த அத்தைக்கு அம்மா ஒரு நாளும் எதிர்வார்த்தை சொன்னதில்லை.

"புதுப் பழக்கந்தான் அண்ணி. அவ மொகம், அவ சொல்றபடிதான்."

நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த அப்பா சத்தமில்லாமல் வாசலுக்கு நழுவினார். அத்தை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு என் காலில் பூசிவிட்டுப் போனார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் அம்மா, என் அம்மா என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

கடைசியாக அம்மாவின் முறை. குந்தி உட்கார்ந்து காலில் பூசினாள், கையில் பூசினாள், எழுந்தாள். நான் முகத்தை நீட்டினேன்.

"மொகத்துல வைங்கம்மா."

"வேணாம்டி. விடிஞ்சா கல்யாணம்."

"வைங்கம்மா."

ஒற்றை விரலால்தான் தொட்டாள். பிறகு உள்ளங்கை முழுவதும் கன்னத்தில் வந்து படிந்தது. தேய்க்கவில்லை, அசைக்கக்கூட இல்லை.

"எம்புட்டு மெத்துனு இருக்குடி" என்றாள். நானும் அழுதேன், அவளும் அழுதாள்.

காலையில் பார்த்தால் சரியாக அந்த இடத்தில் ஒரு பரு. மேக்கப் போட வந்த அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "மொகத்துல மஞ்ச வச்சீங்களா? யாரு வச்சா?"

மல்லிகைச் சரத்தோடு நின்ற அம்மாவின் கை அப்படியே நின்றது.

"மஞ்ச இல்லக்கா. டுரியான் பழம் சாப்ட்டேன்" என்றேன்.

"கல்யாணத்துக்கு மொத நாளா? பானாஸ்லா அது, ஒடம்பு சூடேறிடும்!" என்று அவர் பிடித்துக்கொண்டார். டுரியான் சீசன் முடிந்து வெகுநாளாகிவிட்டது என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அத்தை வாயைத் திறந்தார். அம்மாவைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

அம்மா என் தலையில் பூவை வைத்தாள். பிறகு மேக்கப் அக்காவிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அந்த எடத்துல தேய்க்காதீங்கம்மா. பெலான் பெலான், தட்டித் தட்டிப் போடுங்க. அவளுக்கு எரியும்."