அம்மா எடுக்கும் ஒரே எண்

மலேசியாவின் பினாங்கில், காலை பத்தரைக்குப் படகுத்துறையில் பேருந்து ஏறினேன். மலையடிவார ஆயர் ஈத்தாமுக்கு இரண்டு வெள்ளி, அதாவது ரிங்கிட். அங்கிருந்து மலை ரயிலில் பினாங்கு மலை உச்சிக்குப் போவதாகத் திட்டம். அதற்குள் அம்மாவிடம் பேசிவிட வேண்டும். திண்டுக்கல்லில் ஒன்பது மணிக்கு அவளுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. இங்கே அது பதினொன்றரை. ஏற்கெனவே ஒருமுறை மருத்துவமனை வாசலிலிருந்து ஓடிவந்தவள். "டிக்கெட்டை வீணாக்காதே, போ" என்று என்னை அனுப்பிவிட்டு, நான் விமானம் ஏறும் நேரத்தில் பயந்து அழுதாள். துணைக்குச் சித்தி மட்டும். இருவரிடமும் பட்டன் போன்தான்.

உள்ளூர் சிம்மிலிருந்து திரும்பத் திரும்ப அழைத்தேன். ஒவ்வொரு முறையும் அழைப்பைத் துண்டித்தாள். மோசடிக்காரர்களுக்குப் பயந்து, தெரியாத எண்ணை எடுக்காதே என்று அவளுக்குப் பாடம் நடத்தியவள் நான்தான். நன்றாகவே படித்திருந்தாள்.

ஆயர் ஈத்தாமில் இறங்கி, சந்தையோரத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தேன். கடைக்கார அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, என்ன ஆச்சு?"

சொன்னேன்.

"உங்க இந்தியா நம்பர்லயே போடுங்கலா! என் மகன் சிங்கப்பூர் போனா அப்படித்தான். வைஃபை காலிங், நெட் வழியா அதே நம்பர்ல போகும்." கடை வைஃபையின் பாஸ்வேர்டையும் சொன்னார்.

என் இந்திய சிம்மில் அதை இயக்கினேன். எல்லா நிறுவனமும் வெளிநாட்டில் அனுமதிப்பதில்லை. கட்டணத்தையும் சேர்த்துக் கிளம்பும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். என்னுடையது அனுமதித்தது. முதல் மணியிலேயே எடுத்தாள்.

"வந்துட்டியாடி?"

"இல்லம்மா, பினாங்குலதான் இருக்கேன்."

"அப்ப நான் வீட்டுக்குப் போறேன்."

"ஐயோ, வீட்டுக்குப் போயிடாதம்மா!" என்றேன். அக்கா கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன்.

"அக்கா, நான் ரெண்டு கண்ணும் ஆபரேஷன் செஞ்சவ. சாக்கிட் இல்லலா... வலி இல்லன்னு சொல்றேன். அப்புறம் வீட்டுத் தூசியெல்லாம் கண்ணுக்குத் தெரியும் பாருங்க, அதுதான் பெரிய வலி!"

அந்தப் பக்கம் அம்மா சிரித்தது எனக்கே கேட்டது. உள்ளே போனாள். சித்தி அழைத்து நல்லபடியாக முடிந்தது என்று சொல்லும்வரை நான் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. தேநீருக்கு அக்கா காசு வாங்கவில்லை. அவரை எப்படி மறப்பேன்!

மறுநாள், ஜார்ஜ் டவுன் விடுதி வைஃபையில் இருந்தபோது அம்மாவே அழைத்தாள்.

"கட்டுப் பிரிச்சாச்சு. சித்தி சேலை பச்சைடி! இத்தனை நாள் கறுப்புன்னு நெனச்சேன். சரி, அந்தக் கடைக்காரம்மாகிட்ட குடு."

"நான் வேற இடத்துல இருக்கேம்மா. அவங்களையே கூப்பிடச் சொல்லவா?"

"வேற நம்பர்னா நான் எடுக்க மாட்டேன். நீ போய்க் குடு."

மறுபடி பேருந்து, இரண்டு வெள்ளி. இருவரும் தூசியைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். அதுவரை மேசைகளுக்குத் தேநீர் கொண்டுபோனது நான்தான்.

பினாங்கு மலை எப்படி இருந்தது என்று ஊரில் கேட்கிறார்கள். கடை வாசலிலிருந்து நன்றாகவே தெரிந்தது என்கிறேன்.