ராணிக்குத் தேய்த்த திருநீறு

தென் அட்லாண்டிக் கடலில் செயின்ட் ஹெலினா என்றொரு குட்டித் தீவு. பிரிட்டன் ராஜகுடும்பத்தில் கல்யாணமோ பிறந்தநாளோ எது வந்தாலும் அந்தத் தீவின் பெயரில் ஒரு நினைவு நாணயம் வந்துவிடும். பெங்காலி ஊரில், கார்டன் ரீச் ஆபீஸில் ரயில்வே ஃபைல் பார்க்கும் எனக்கும் அந்தத் தீவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் ஒரு கண்காட்சியில் அந்த ஊர் நாணயத்தைக் கையில் வாங்கிப் பார்த்த நாளிலிருந்து பித்துப் பிடித்துவிட்டது.

ராணியின் வெள்ளிவிழா நாணயம் மட்டும் பன்னிரண்டு வருஷம் எனக்குப் போக்குக் காட்டியது. ஒரு வியாழக்கிழமை அதுவும் பார்சலில் வந்து சேர்ந்தது. அசல் வெள்ளி. வயதானதில் நீலமும் ஊதாவுமாகக் கருமை ஏறியிருந்தது. சேகரிப்பவர்களுக்கு அந்தக் கருமைதான் உயிர், துடைத்தால் போச்சு. ஞாயிற்றுக்கிழமை பாலிகஞ்சில் எங்கள் நாணய வட்டத்தின் கண்காட்சி. முழு வரிசையையும் வைக்கப்போகிறேன் என்று எல்லோரிடமும் தம்பட்டம் அடித்திருந்தேன்.

புதிதாக எந்தக் காசு வந்தாலும் ஒருநாள் சுவாமி அலமாரியில் வைத்து எடுப்பது என் வழக்கம். இதையும் வைத்துவிட்டு வெள்ளிக்கிழமை ஆபீஸ் போனேன். என் கணவர் ரிட்டயர் ஆனவர். வெள்ளிதோறும் பூஜைச் சாமான் தேய்ப்பது அவர் பொறுப்பு. சாயங்காலம் வந்து பார்த்தால் குங்குமச் சிமிழ், பஞ்சபாத்திரம், நடுவில் ராணி. மூன்றும் பளபளவென்று இருந்தன. நாணயத்தின் பிளாஸ்டிக் கூட்டைத் திறந்து, திருநீறு போட்டுத் தேய்த்திருக்கிறார்.

வெள்ளிக்குத் திருநீறுதான் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அதனாலேயே கோபம் இரட்டிப்பானது. இரண்டு நாள் பேசவில்லை. தட்டை மட்டும் சத்தமாக வைத்தேன்.

ஞாயிறு காலை சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார், இத்தனை வருஷத்தில் ஒரு கண்காட்சிக்கும் வராத மனுஷர். பை தூக்க வருகிறேன் என்றார்.

ஒவ்வொரு நாணயத்தின் நிலையையும் நாமே அட்டையில் எழுதி வைக்க வேண்டும். மறைக்க எனக்கு மனமில்லை. திருநீற்றால் தேய்க்கப்பட்டது, தேய்த்தவர் என் கணவர் என்று பெங்காலியிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன். பழிவாங்கல்தான், வேறென்ன. படித்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். லென்ஸோடு வந்த ஒரு தாதா (பெங்காலியில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்), தன் வீட்டில் இதே வேலையைப் பற்பசை செய்தது என்றார். எங்கள் மேஜையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. இவரோ கூச்சமே இல்லாமல், முகத்தை எப்படித் தேய்த்தேன், கிரீடத்தை எப்படித் தேய்த்தேன் என்று அரைகுறை பெங்காலியில் செய்முறை விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்துவிட்டேன். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மத்தியானம் அந்த தாதா திரும்பி வந்தார். தேய்க்காத வெள்ளிவிழா நாணயம் தன்னிடம் உபரியாக இருப்பதாகவும், இதோடு என்னிடம் இரட்டையாக உள்ள இன்னொன்றையும் கொடுத்தால் மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே ராணியைக் கையில் எடுத்துவிட்டேன். அப்பா, என்ன மினுக்கு.

"எவ்வளவு நேரம்தான் தேய்ச்சீங்க இதை?" என்று கேட்டேன்.

"சிமிழுக்கு அஞ்சு நிமிஷம். இதுக்கு ஒரு மணி நேரம்," என்றார். "பன்னெண்டு வருஷமா நீ தேடின சாமானாச்சே. சுவாமி முன்னாடி மங்கலா இருக்கக் கூடாதுன்னு பாத்தேன்."

என் இரட்டை நாணயங்களில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், இது மட்டும் கிடையாது என்று தாதாவிடம் சொல்லிவிட்டேன்.