ஆடியில் கைமாறாத காசு

வெளிநாட்டில் இருப்பவளுக்குக் காசு தேவைப்படாது என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. நான் கட்டாரில் ஒரு வைத்தியசாலையின் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்புகள் தோய்க்கிறேன். ஓர் அறையில் ஆறு பேர். அதில் என் பங்கு ஒரு மேல்தட்டுக் கட்டிலும் அதைச் சுற்றி நானே கட்டிய பழைய சேலைத் திரையும்தான். இதை எத்தனை தரம் சொன்னாலும் திருகோணமலையில் ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. கட்டாரில் காசு குழாயில் வருகிறது என்று முடிவுகட்டி வைத்திருக்கிறார்கள்.

அந்த நம்பிக்கையை வைத்து எங்கள் முற்பணத்தை விழுங்கப் பார்த்தவர் லிங்கநகரில் எங்களுக்கு வீடு வாடகைக்குத் தந்தவர். ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், கோயில் நிர்வாகத்தில் இருப்பவர், நெற்றி நிறைய விபூதி இல்லாமல் கேற்றைத் தாண்டாதவர். கட்டாருக்கு வந்து முதல் இரண்டு வருடம் நான் சேர்த்ததெல்லாம் அந்த வீட்டின் அட்வான்சாகப் போனது. மாத வாடகை வேறு. வீட்டை விடும்போது அட்வான்சை முழுதாகத் திருப்பித் தருவதாகப் பேச்சு. அதை ஒரு துண்டில் எழுதிக் கையெழுத்து வைப்போமா என்று கேட்டதற்கு, "நாங்கள் என்ன பிறத்தியாரோ?" என்றார். அம்மாவுக்கு அந்தச் சொல் போதுமாக இருந்தது. முன்னறையில் தையல் மெசினைப் போட்டு, அக்கம்பக்கத்துப் பெண்களுக்குப் பிளவுஸ் தைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் வீட்டுக்காரர் வந்து நின்றார். "மகன் கனடாவில இருந்து குடும்பத்தோட வாறான் தங்கச்சி. ஆடி பிறந்தா வீடு மாற ஏலாது. ஆனிக்குள்ள விட்டுத் தந்தியள் எண்டா பெரிய உதவி."

அம்மாவும் ஆடியில் ஒரு செம்பைக்கூட இடம் மாற்றி வைக்காத ஆள். ஒரு கிழமைக்குள் சாமான்களைக் கட்டி, வீட்டைக் கழுவி, விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுச் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டார். காசு எங்கே என்று நான் போனில் கேட்டேன். ரெண்டு நாளில் கணக்குப் பார்த்துத் தருகிறாராம். இரண்டு நாளில் ஆடி பிறந்துவிட்டது. காசு கைக்கு வராமல் சாவியைக் கொடுக்கிற புத்திசாலிகள் உலகத்தில் நாங்கள் மட்டும்தான் இருப்போம். அதுவும் மாதம் பிறக்கிறதே என்ற அவசரத்தில்.

அட்வான்ஸ் கையில் இல்லாமல் வேறு வீடு எடுக்க முடியாது. அம்மா நிலாவெளியில் தன் தம்பி வீட்டுக்குப் போனார், நாலு நாளைக்கு என்று சொல்லி. மாமா நல்ல மனிதர். ஆனால் அந்த வீட்டில் இரண்டு அறை, நான்கு பிள்ளைகள். அம்மாவுக்கு ஹோலில் பாய். எல்லோரும் ரி.வி. பார்த்து முடித்த பிறகுதான் அவர் பாயை விரிக்கலாம். சேலை மாற்றக் குளியலறைக்குப் போக வேண்டும். தையல் மெசின் பின்பக்கம் மழை படாமல் மூடிய தறப்பாளுக்குள் கிடந்தது. தைக்கக் கொடுக்கிற ஆட்கள் எல்லாரும் டவுனில், அம்மா நிலாவெளியில்.

நான் வீட்டுக்காரரை அழைத்தேன். "ஆடியில காசு கைமாறக் கூடாது பிள்ளை. ஆவணி பிறந்த உடன தாறன்" என்றார். நானும் சரி ஐயா என்றேன். இன்றைக்கும் அந்த 'சரி ஐயா'வை நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

ஆவணியில் அவருடைய பேத்தி பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு. புரட்டாதியில் சனி விரதம், மனம் ஒரு நிலையில் இல்லையாம். ஐப்பசியில் கந்தசஷ்டி, விரதகாரரோடு காசுக்கதை கதைக்கலாமா? கார்த்திகையில் மழை. என்னுடைய போனில் தமிழ்க் கலண்டரை இறக்கி வைத்துக்கொண்டு மாதம் பிறக்கப் பிறக்க அவரை அழைத்தேன். அந்த மனிதரின் கலண்டரில் கொடுப்பதற்கு மட்டும் மாதமே கிடையாது. "விடு பிள்ளை, அவர் பெரிய மனிசன். உனக்கென்ன, ரெண்டு வருசத்தில திரும்ப உழைச்சிடுவாய்" என்றார் மாமா. அந்த இரண்டு வருடத்தை மாமாவா தோய்க்கப் போகிறார்? நான் விடமாட்டேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

இதற்கிடையில் அம்மா ஒரு வீடு பார்த்து வைத்திருந்தார். துறைமுகத்துப் பக்கம், ஓர் அறை, ஒரு குசினி, முன்னால் மெசின் வைக்க ஒரு சின்ன விறாந்தை. தையில் வேறு குடும்பம் கேட்டிருக்கிறது, அதற்கு முதல் அட்வான்ஸ் தந்தால் உங்களுக்குத்தான் என்று அந்த வீட்டுக்காரி சொல்லியிருந்தார்.

கார்த்திகையில் நான் ஒரு பிழை விட்டேன். அம்மாவுக்குப் பால்மாவும் சவர்க்காரமும் போர்வையும் போட்டு ஒரு பெட்டி அனுப்பினேன். கைப்பழக்கத்தில் பழைய லிங்கநகர் விலாசத்தையே எழுதிவிட்டேன். மூன்று கிழமை கழித்து வட்ஸ்அப்பில் தெரியாத ஒரு பெண் அழைத்தார்.

"அக்கா, உங்கட பெட்டி ஒண்டு எங்கட வீட்டுக்கு வந்திருக்கு. அதில உங்கட நம்பர் கிடந்தது."

வீட்டுக்காரரின் கனடா மருமகள் என்று நினைத்து, பயணமெல்லாம் சுகமோ என்று விசாரித்தேன்.

"ஐயோ இல்லை அக்கா, நாங்கள் வாடகைக்கு வந்தனாங்கள். ஆடி பிறந்து நாலாம் நாள். நாங்கள் சேர்ச்சுக்குப் போற ஆக்கள்தானே, ஆடி கீடி பாக்கிறேல்லை. ஐயா அட்வான்ஸை உடன கேட்டவர், குடுத்தனாங்கள். ஏனக்கா?"

ஒன்றுமில்லை தங்கச்சி என்று சொன்னேன். அந்தப் பெண்ணை இதற்குள் இழுக்க எனக்கு மனம் வரவில்லை. கட்டிலில் எழுந்து உட்கார்ந்ததில் தலை கூரையில் இடித்தது. அந்த நோவைவிடக் கோபம்தான் பெரிதாக இருந்தது. ஆடியில் காசு கைமாறக் கூடாதாம்! எங்கள் பக்கம் வருவதற்குத்தான் கூடாது, அவர் பக்கம் போவதற்கு ஆடியும் நல்ல மாதம்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. அதற்குள் மார்கழி பிறந்திருந்தது. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் போகச் சொன்னேன். "கதைக்கிறது நான். நீங்கள் பிடிச்சுக்கொண்டு நிண்டால் காணும்." அம்மாவுக்கு விருப்பமில்லை. கோயிலில் முகம் பார்க்கிற மனிதர் என்றார். அவருக்கு இல்லாத வெட்கம் உங்களுக்கு என்னத்துக்கு என்று நான் சத்தம் போட்டேன். போனார்.

வீட்டுக்காரர் விறாந்தையில் இருந்தார். திருவெம்பாவைப் பூசை பற்றிக் கதைக்கக் கோயில் ஆட்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். என் முகத்தைப் போனில் கண்டதும் அவர் குரலை உயர்த்தினார்.

"பிள்ளையோ! இது மார்கழி பிள்ளை, பீடை மாதம். இப்ப காசு குடுத்தா உங்களுக்குத்தான் கூடாது. தை பிறக்கட்டும். வெளிநாட்டில இருக்கிற உங்களுக்கு இது ஒரு காசே?"

"ஓம் ஐயா, காசுதான். ஊத்தைத் துணி தோய்ச்சு எடுத்த காசு" என்றேன். "அது இருக்கட்டும். அம்மாவுக்கு ஒரு பெட்டி அனுப்பினனான். மறதியில லிங்கநகர் அட்ரஸைப் போட்டிட்டன். உங்கட மகன் எடுத்து வச்சிருக்கிறாரோ?"

"மகன்... மகன் வரேல்லை."

"அப்ப வீட்டில ஆர் ஐயா?"

"வாடகைக்கு விட்டிருக்கிறன். வீட்டைச் சும்மா போட்டு வைக்க ஏலாதே."

"எப்ப விட்டனீங்கள்?"

அவர் விரல்விட்டு மாதம் எண்ணத் தொடங்கினார். பக்கத்தில் இருந்த கோயில்காரருக்கு விஷயம் ஒன்றும் தெரியாது, பாவம். உதவி செய்கிற மாதிரி, "ஆடி பிறந்த கையோடதானே அண்ணை அந்த ஆக்கள் வந்தவை?" என்றார்.

நான் அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தேன். அதற்குள் என் போன் திரை முழுவதும் நீலமாகிவிட்டது. அம்மா போனைத் தன் நெஞ்சோடு கவிழ்த்துப் பிடித்துவிட்டார். அவருடைய சேலையைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது.

"அண்ணை," என்றார் அம்மா, "நான் இதில இருக்கிறன்."

"தங்கச்சி, மத்தியானப் பூசைக்கு நேரமாகுது..."

"போயிட்டு வாங்கோ. நான் இருக்கிறன். எனக்குப் போறதுக்கு வீடில்லை."

அந்தக் குரலை நான் அதற்கு முதல் கேட்டதில்லை. சத்தமே இல்லை, ஆனால் அசையாத குரல். பிறகு கோயில்காரர்களில் ஒருவர் மெல்ல, "குடுத்து அனுப்புங்கோவன் அண்ணை" என்றார். உள்ளே அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. ஆறு மாதமாக நல்ல மாதம் தேடிய காசு, அடுத்த அறையில்தான் இருந்திருக்கிறது.

வெள்ளையடித்த செலவைக் கழித்துத்தான் கொண்டுவந்தார். "கழிச்ச செலவுக்குத் துண்டு காட்டுங்கோ" என்றார் அம்மா. துண்டு இல்லை. அவர் திரும்ப உள்ளே போக, அலுமாரி இரண்டாம் தரமும் திறந்தது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கூடவே ஒரு கூச்சமும். ஆறு மாதமாக அம்மாவுக்காக நான் கதைத்துக்கொண்டிருந்தேனே தவிர, அம்மாவைக் கதைக்க விட்டதில்லை.

அன்று பின்னேரமே துறைமுகத்துப் பக்கத்து வீட்டுக்காரிக்கு அட்வான்ஸ் போய்ச் சேர்ந்தது. துண்டும் எழுதி அம்மா கையெழுத்து வாங்கினார். மார்கழியில் ஒருவரும் வீடு மாறுவதில்லை, தை பிறந்த பிறகு போகலாம் என்று மாமா தடுத்தாராம். இதுவரைக்கும் மாதம் பார்த்தது காணும் என்று அம்மா சொல்லிவிட்டு, அடுத்த நாளே மழைக்குள் மெசினை ஏற்றிக்கொண்டு போய் அங்கே பால் காய்ச்சினார்.

மத்தியானம் வீடியோவில் அழைத்தார். குசினியைக் காட்டினார், விறாந்தையில் மெசினைக் காட்டினார். கடைசியாக அறைக் கதவடியில் வந்து நின்று, கொண்டியைப் போட்டுப் போட்டுத் திறந்து காட்டினார்.

"இஞ்ச பார், உள்ளுக்கால பூட்டலாம்."

ஆறு மாதத்துக் கதை என்னிடம் நிறைய இருந்தது. அந்த மனிதரின் முகம் எப்படிப் போனது, காசை எப்படி நீட்டினார், எல்லாம் கேட்க வேண்டும். நான் கேட்கத் தொடங்கினேன்.

"பிறகு கதைப்பம். நீ இப்ப வை" என்றார் அம்மா. "எனக்குக் கதவைப் பூட்டிப்போட்டுக் கொஞ்ச நேரம் தனிய இருக்கவேணும்."