மாமா அனுப்பிய செய்தி

எங்கள் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். நெய்வேலியில் கடைத் திறப்பு, பள்ளி ஆண்டு விழா, சாலை மறியல், எதுவானாலும் டிவிஎஸ்ஸில் போய் விசாரித்து, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தட்டிக் கடலூர் அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவார். நானும் அக்காவும் சண்டை போட்டால்கூடத் தனித்தனியாக விசாரிப்பாரே தவிர, யார் பக்கமும் பேச மாட்டார். மதில்மேல் பூனை என்று அம்மா கேலி செய்வாள். மாமாவுக்கு அதில் பெருமைதான்.

நான் நான்காம் வகுப்புப் படிக்கும்போது, சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த அப்பாவின் தலையில் கல் விழுந்தது. வைத்தியச் செலவுக்கும், அப்பா எழுந்து நடமாடும்வரை அம்மாவுக்கு ஒரு வேலைக்கும் கேட்டபோது, ஒப்பந்தக்காரர் "பாக்கலாம்மா" என்று மட்டும் சொன்னார்.

அப்பா அன்று ஹெல்மெட் போடவில்லை. அது எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. உச்சியில் பெரிய விரிசல், வாரும் அறுந்திருந்தது. வேறு ஹெல்மெட் கேட்டு அப்பா நடையாய் நடந்தது தெருவுக்கே தெரியும். மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒப்பந்தக்காரரையும் போய்ப் பார்த்தார். அவனை எதற்குப் பார்த்தாய் என்று அம்மா கேட்டதற்கு, ஊராருக்கு ஒரு நியாயம், நம் வீட்டுக்கு ஒரு நியாயமா என்றார்.

மாலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தார். "ரெண்டு தரப்பும் எழுதிட்டேங்க மச்சான். ஹெல்மெட் ஒடஞ்சது, நீங்க கேட்டும் குடுக்காதது, எல்லாம் நாளைக்கு வந்துரும்."

"பேப்பர்ல வந்துட்டா அப்புறம் எப்புடி இல்லைம்பான்," என்றாள் அம்மா. விபத்துக்குப் பிறகு அவள் வயிறாரச் சாப்பிட்டது அன்றுதான்.

பேப்பரில் வந்தது. அதில் பொய் என்று ஒரு வரிகூட இல்லை. அந்தத் துண்டை நீட்டித்தான் ஒப்பந்தக்காரர் கைகழுவினார்: "ஒங்க தம்பியே எழுதியிருக்காரும்மா." இடமில்லை என்று கடலூரில் வெட்டிவிட்டார்கள் என மாமா தலையில் அடித்துக்கொண்டு சொன்னதை யாரும் நம்பவில்லை. "நீ கண்ணால பாத்தது எங்கடா?" என்று ஒருமுறை கேட்டதோடு அம்மா அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். அடுத்த விபத்துக்கு அவர் விசாரிக்கப் போனபோது ஒரு வீட்டிலும் வாய் திறக்கவில்லை. சொந்த மச்சானையே விற்றவன் என்றார்கள். அப்பா பிறகு வேலைக்குப் போகவே இல்லை. இன்று எந்தச் செய்தியைப் படித்தாலும் எனக்கு மனம் ஒட்டுவதில்லை. இதில் எதை வெட்டியிருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது.

செய்தி வந்த அன்று காலை எனக்கு இதெல்லாம் தெரியாது. அப்பாவின் பெயர் பேப்பரில் வந்திருந்தது, அவ்வளவுதான். எதிர் டீக்கடையில் வாங்கிக்கொண்டு வார்டுக்கு ஓடினேன். அம்மா மருந்து வாங்கப் போயிருந்தாள். அப்பாவுக்குக் கண் மங்கலாக இருந்ததால் நானே உரக்க வாசித்தேன்.

"தலைக்கவசம் அணியாமல் பணியில் ஈடுபட்டதே விபத்துக்குக் காரணம் என ஒப்பந்ததாரர் தரப்பில் தெரிவித்தனர்."

"அப்புறம்?"

"அவ்ளோதாம்பா."

"பின்னாடி பாரு. மீதி இருக்கும்."

திருப்பினேன். "பின்னாடி ஆடித் தள்ளுபடிப்பா. பொடவ போட்டிருக்கு."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நான் தடுமாறாமல் வாசித்ததைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். அம்மாவுக்கும் ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும் என்று பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.