சுவரில் ஏழு ஒன்றுகள்

அக்கா வீட்டு மாடியில், துறைமுகம் தெரியும் ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் கரியால் எழுதிய ஏழு ஒன்றுகள் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கின்றன. பதினொரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று. ஜப்பான்காரன் பினாங்குக்குள் நுழைந்து அத்தானின் குமாஸ்தா வேலை போனபிறகு, அந்த மனிதர் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டார். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் அது வகுபடாது என்று அவருக்கு ஒரே பிடிவாதம். ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்ப்பார். மீதி வந்தால் முகம் மலர்ந்துவிடும். தாளுக்கு எங்கே போக? சுவர்தான். அரிசியில்லாமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்த எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

எந்தப் போர் வந்தாலும் அக்காவுக்கு வெள்ளிக்கிழமை வீடு கழுவியாக வேண்டும். அந்த வெள்ளியன்று, வகுத்ததை எல்லாம் ஈரத்துணியால் துடைத்தெறிந்துவிட்டாள். அத்தான் கெஞ்சியதால் மேலே இருந்த ஏழு ஒன்றுகளை மட்டும் விட்டுவைத்தாள். மதியமே சிப்பாய்கள் வந்துவிட்டார்கள். வயதுப்பெண் என்று என்னைப் பரணில் ஏற்றி மறைத்தார்கள். பலகை இடுக்கு வழியே எல்லாவற்றையும் பார்த்தேன்.

அதிகாரி சுவரைப் பார்த்தான். ஜன்னல் வழியே கப்பல்களைப் பார்த்தான். ஏதோ கத்தினான். கூட வந்த தமிழர்தான் மொழிபெயர்த்தார்.

"ஏழு கோடு, ஏழு கப்பலா? யாருக்கு எண்ணிச் சொல்ற? உண்மையைச் சொல்லிடு லா தம்பி, கொண்டுபோனா திரும்பி வரமாட்ட."

"சத்தியமா அது நம்பர்ண்ணே. வகுபடுதான்னு பார்த்துக்கிட்டிருக்கேன்."

"பார்த்த கணக்கு எங்க?"

"நான்தாண்ணே துடைச்சிட்டேன்," என்று அக்கா அழுதாள்.

அதிகாரி சிரித்துக்கொண்டே அத்தானிடம் கரித்துண்டை நீட்டினான்.

"இவ்வளவு பெரிய நம்பர் எதாலயாவது வகுபடத்தான் செய்யுமாம். வகுத்துக் காட்டு. மீதி வந்தா கப்பல் கணக்குத்தானாம்."

அத்தானுக்கு முகம் வெளிறியது. இருநூற்று முப்பத்து மூன்று வரை பார்த்தாயிற்று, எல்லாவற்றிலும் மீதிதான். அடுத்த பகா எண் இருநூற்று முப்பத்தொன்பது. அதை எழுதி, ஈவை ஒவ்வோர் இலக்கமாகப் போட்டார். நாலு. ஆறு. மறுபடி நாலு. மீதி இருநூற்றுப் பதினைந்து. கடைசி ஒன்றையும் இறக்கினார். தண்ணீர்மலை முருகா, வகுபட வையப்பா என்று நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். இருநூற்று முப்பத்தொன்பதை ஒன்பதால் பெருக்கி ஓரத்தில் எழுதினார்: இரண்டாயிரத்து நூற்றைம்பத்தொன்று. இறங்கியிருந்த எண்ணும் அதேதான். மீதி இல்லை.

அதிகாரி தானே கரியை வாங்கித் திருப்பிப் பெருக்கினான். ஏழு ஒன்றுகளும் வந்தன. அத்தான் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டுவிட்டுப் படியிறங்கினான்.

நான் இறங்கி வந்தபோது அத்தான் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வகுபட்டிருச்சே..." என்றார். குரலில் உண்மையிலேயே துக்கம். அக்கா அவர் வாயைப் பொத்தி, அவர் தலையை மார்போடு அணைத்துக்கொண்டாள். மாதக்கணக்காக அந்த எண் வகுபடக் கூடாதென்று வேண்டியிருந்தவர் அவர். அந்த வேண்டுதல் பலித்திருந்தால் என் அக்கா அன்றைக்கே தாலியை இழந்திருப்பாள்.